பக்கத்து பார்க்கிங்கில் நிற்கும் பி.ஒய். நம்பர் கார்: சாலை வரி ஏய்ப்பை எங்கே தடுக்கலாம்?

12 லட்ச ரூபாய் காருக்கு 18 சதவீதம், அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய் ஆயுள் வரி கட்டியிருக்கிறீர்கள். உங்கள் அடுக்ககத்தில் பக்கத்து பார்க்கிங்கில், அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள கார் ஒன்று பி.ஒய். நம்பரோடு, அதாவது வரி குறைவான புதுச்சேரியின் பதிவோடு, நான்கு வருடமாக நிற்கிறது. இதை ஏன் யாரும் பிடிப்பதில்லை, அபராதத்தைப் பத்து மடங்காக்கினால் நின்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தக் கார் அங்கே நிற்பதே தவறா என்பது ஒன்று. தவறு என்றால் எந்த இடத்தில் கை வைத்தால் அது நிற்கும் என்பது இன்னொன்று. நான் மோட்டார் வாகன ஆய்வாளராக, ஊர்வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டராக, 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டப் பிரிவுகளை வேலைக்குத் தேவையான அளவில் தெரிந்தவன், வழக்கறிஞன் இல்லை. உங்கள் பக்கத்து கார் விஷயத்தில் தீர்ப்பு எதுவும் என்னால் சொல்ல முடியாது. இந்த ஏய்ப்பு நடக்கும் விதத்தைச் சொல்ல முடியும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். வெளிமாநில நம்பரோடு ஒரு வண்டி தமிழ்நாட்டில் ஓடுவது தானாகவே குற்றம் ஆகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுவதும் செல்லும். ஆனால் உரிமையாளர் குடியிருக்கும் இடமோ தொழில் செய்யும் இடமோ எதுவோ, வண்டி வழக்கமாக நிற்கும் அந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்கிறது 40ஆம் பிரிவு. பதிவான மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. பொய்யான ஆவணத்தைக் காட்டிப் பதிவு செய்திருந்தால், உரிமையாளருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டு, பதிவையே ரத்து செய்யலாம். அது 55ஆம் பிரிவில் இருக்கிறது. ஆக, பாண்டிச்சேரியில் வேலை பார்த்தவர் மாற்றலாகிச் சென்னைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் அவர் மேல் தவறில்லை. பாண்டியில் ஒருநாள்கூடக் குடியிருக்காதவர் அங்கே ஒரு வாடகை வீட்டு முகவரியைக் காட்டி வாங்கியிருந்தால் முதல் நாளிலிருந்தே தவறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டு கார்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சிக்கல் அந்த 12 மாதத்தில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, நடுவில் எல்லை தாண்டிப் போய் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குமா, நிரூபிக்க வேண்டியவர் யார்? இவை வழக்குக்கு வழக்கு வேறுபட்டுப் பார்க்கப்படுகின்றன. வரி கட்டும் கடமையும் நம்பர் மாற்றும் கடமையும் ஒன்றா வேறா என்பதிலும் வாதம் உண்டு. கர்நாடகா 2014இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள் வரி என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு வருடக் கணக்கே நின்றது. அதனால் "மாநில அரசு நினைத்தால் நாளைக்கே எல்லா வெளிமாநில வண்டிக்கும் வரி போடலாம்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

களத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனத் தணிக்கை. விலை உயர்ந்த ஒரு கார், பி.ஒய். நம்பர். ஓட்டுநர் இறங்கி வந்து, "நேத்துதான் சார் பாண்டியிலேருந்து வந்தோம்" என்றார். முன் கண்ணாடியின் இடது ஓரத்தைப் பார்த்தேன். சென்னையில் உள்ள ஒரு பள்ளியின் வாகன அனுமதி ஸ்டிக்கர், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. பச்சை, அதன் அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் வெளுத்துப்போன நீலம். மூன்று கல்வியாண்டுகள். டேஷ்போர்டில் கிடந்த சர்வீஸ் புத்தகத்தில் இருந்த முத்திரைகள் எல்லாமே சென்னைப் பட்டறையுடையவை. நோட்டீஸ் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து உரிமையாளர் தரப்பில் ஒரு கோப்பு வந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பாண்டியில் தங்கிய விடுதி ரசீதுகள், காரும் அங்கே போனதாக ஒரு உறுதிமொழிப் பத்திரம். தொடர்ச்சியாக 12 மாதம் தமிழ்நாட்டில் இருந்ததை நாங்கள் நிரூபிக்க வேண்டும். ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க முடியவில்லை. கோப்பு மூடப்பட்டது. அந்த மூன்று நிறங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

இந்த ஏய்ப்பு ஏன் இந்த வடிவம் எடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள, வரி வாங்கும் முறையைப் பார்க்க வேண்டும். சொந்தக் கார், பைக்குகளுக்கு ஆயுள் வரி என்று ஒரே தடவையில் வாங்கிவிடுகிறோம். ஷோரூமிலிருந்து வண்டி வெளியே வருவதற்குள் வரி கட்டியாகிவிடும். வருடா வருடம் கட்டாமல் நழுவுகிற பழைய ஏய்ப்பை இது அநேகமாக ஒழித்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்னொரு கதவு திறந்துகொண்டது. மொத்த வரியும் ஒரே நாளில், ஒரே இடத்தில் என்று ஆனதும், அந்த இடம் எது என்பதற்கு லட்சக்கணக்கில் விலை வந்துவிட்டது. வாகன வரி மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம்; ஒவ்வொரு மாநிலமும் தன் விகிதத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு காருக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். புதுச்சேரியிலோ பெரிய கார்களுக்கும் சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும் காலம் இருந்தது. 50 லட்ச ரூபாய் காருக்கு இங்கே 10 லட்சம். இடையில் இருப்பது மூன்று மணி நேரப் பயணம். இந்த வித்தியாசம் இருக்கும்வரை ஆசை வரும், அதை நிறைவேற்றித் தர இடைத்தரகர்களும் வருவார்கள்.

இது தமிழ்நாட்டின் பிரச்சினை மட்டுமில்லை. கேரளாவில் 2017இல் பாண்டி முகவரியில் பதிவான சொகுசு கார்கள் பற்றிப் பெரிய விசாரணையே நடந்தது. பெங்களூரில் 2025 ஜூலையில் மகாராஷ்டிரா நம்பர் கொண்ட ஒரு ஃபெராரியைப் பிடித்து 1 கோடியே 41 லட்சத்துக்கு மேல் வசூலித்தார்கள். மகாராஷ்டிராவில் ஒரு காருக்கு இவ்வளவுக்கு மேல் வரி இல்லை என்று உச்சவரம்பு உண்டு. அது 20 லட்சமாக இருந்தது, அந்த ஜூலையில்தான் 30 லட்சமாக உயர்ந்தது. அவ்வளவு விலையுள்ள காரின் சொந்தக்காரர் ஏன் அந்த நம்பரைத் தேர்ந்தெடுத்தார் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும். இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். 2021இல் நம் ஊரில் பரபரப்பாகப் பேசப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் வழக்கை இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படியான நுழைவு வரி பற்றியது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வகை வரி போய்விட்டது. சாலை வரி வேறு.

ஆம்னி பேருந்து கதை கொஞ்சம் வேறு மாதிரி. இந்தப் பேருந்துகளுக்கு இருக்கைக் கணக்கில் காலாண்டு வரி. அதனால் அங்கே லாபம் ஒரு தடவையோடு முடிவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும். 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை சொன்ன கணக்கு இது: வெளிமாநிலப் பதிவோடு இங்கே ஓடியவை 652 பேருந்துகள், மறுபதிவு செய்தவை 105, மீதி 547. ஒரு பேருந்துக்குக் காலாண்டுக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய் என்றால், 652 பேருந்துகளுக்கும் வருடத்துக்கு 28 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு. நாகாலாந்து, அருணாச்சலம் என்று அந்த வண்டிகள் ஒருநாளும் பார்க்காத ஊர்களின் நம்பர்கள். அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டை வாங்கிக்கொண்டு, வழி நெடுக தனித்தனி டிக்கெட் போட்டு ஆள் ஏற்றுவது அந்த பெர்மிட்டின் நோக்கத்துக்கு எதிரானது என்பது அரசின் வாதம். அந்த பெர்மிட்டுக்கான 2023 விதிகளில் பயணிகள் பட்டியல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. படுக்கை வசதிப் பேருந்துக்குத் தமிழ்நாட்டில் வெகுகாலம் பதிவே கிடைக்கவில்லை. வெளியே போய்ப் பதிந்தவர்களில் பலர் அப்போது போனவர்கள்தான். பெர்மிட்டுக்கு லட்சக்கணக்கில் ஏற்கனவே கட்டுகிறோமே என்கிறார்கள். பெர்மிட் கட்டணமும் மாநில வரியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதில் நீதிமன்றங்களில் இழுபறி இருப்பதால், நானும் இதில் ஒரு பக்கமாகத் தீர்த்துச் சொல்ல மாட்டேன்.

பேசப்படாத சின்ன ஏய்ப்புகள் நிறைய. சொந்தப் பயன்பாட்டுக்கென்று பதிந்த வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது, விவசாயத்துக்கென்று சலுகை வாங்கிய டிராக்டரில் செங்கல் ஏற்றுவது, வண்டி ஓடவில்லை என்று ஸ்டாப்பேஜ் எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரியில் ஓட்டுவது. ஒவ்வொன்றும் தொகையில் சிறியது. ஆனால் முறையாக வரி கட்டி மஞ்சள் போர்டு வைத்து ஓட்டுகிற டாக்சிக்காரரின் வயிற்றில் நேரடியாக அடிப்பது இவைதான். ஃபெராரியைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கும்.

சரி, பத்து மடங்கு அபராதம். அது ஏற்கனவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 2019 திருத்தம் கொண்டுவந்த 192பி பிரிவு, பொய் ஆவணத்தால் பதிவு வாங்குகிறவருக்குக் குறைந்தது 6 மாதச் சிறையும், ஆண்டு வரியில் 10 மடங்கு அல்லது ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது அதிகமோ அதை அபராதமாகவும் சொல்கிறது. என் அனுபவத்தில் வண்டிக்காரரின் பயம் அபராதத் தொகையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. "நம்மைப் பிடிப்பார்களா" என்ற ஒரே கேள்வியைப் பொறுத்தது. பத்தாயிரம் வண்டி போகிற சாலையில் நாங்கள் நான்கு பேர் நின்று நாற்பது வண்டியை நிறுத்துவோம். அந்த நாற்பதில் ஒன்று மாட்டினாலும், மேலே சொன்னதுபோல நிரூபிப்பதற்குள் கோப்பு தேய்ந்துவிடும். அபராதம் மட்டும் பெரிதானால் சாலையோரப் பேரமும் சேர்ந்து பெரிதாகும். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் முழுப் பதில் தந்ததாக ஆகாது.

பிரிட்டனை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே வரி கட்டாத வண்டி எத்தனை என்று சாலையோரத்தில் கேமரா வைத்து நம்பர் பிளேட்டுகளைப் படித்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2013இல் ஏய்ப்பு 0.6 சதவீதம். 2014 அக்டோபரில், கண்ணாடியில் ஒட்டும் வட்டமான வரிவில்லையை ஒழித்து எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினார்கள். 2015இல் 1.4, 2017இல் 1.8 என்று ஏறியது. எல்லாரும் வேண்டுமென்றே ஏமாற்றினார்களா? 2017 கணக்கில் வரி கட்டாத வண்டிகளில் மூன்றில் ஒன்று அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் கைமாறியது. விற்றவரின் வரி வாங்கியவருக்குச் சேராது என்ற புது விதி பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு 2023இல் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. அங்கே சாலையில் ஓட்டும்போது மாட்ட வேண்டும் என்றில்லை. வரியும் கட்டாமல், சாலைக்கு வராது என்று எழுதியும் கொடுக்காமல் வைத்திருந்தாலே, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு 80 பவுண்டு கடிதம் தானாகப் போகும். சீக்கிரம் கட்டினால் 40. தொகை சின்னது, தப்பிப்பது கடினம். நம்மிடம் அப்படி எண்ணிப் பார்த்த ஒரு கணக்கு என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்ததே இல்லை.

ஆக என் கருத்து இதுதான்: சாலையில் துரத்துவதைவிட, பதிவு மேசையிலும் தரவுகளிலும் கை வைக்க வேண்டும். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காரைப் பதியும்போது முகவரியை நேரில் போய்ப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் பாதிச் சங்கதி அங்கேயே முடிந்துவிடும். ஒரே ஓட்டு வீட்டின் முகவரியில் ஐந்தாவது சொகுசு கார் வரும்போது கணினியே நிறுத்தலாம். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். பி.ஒய். நம்பர் கார் ஒன்று வருடம் முழுக்க சென்னையை ஒட்டிய பரனூர், ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடிகளை மட்டுமே தாண்டிக்கொண்டிருந்தால், அந்தப் பதிவுகள் என் மூன்று ஸ்டிக்கர்களைவிட வலுவான சாட்சி. ஒடிசா 2024 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடி வழியாகவே காப்பீடு, புகைச் சான்று இல்லாத வண்டிகளைக் கண்டுபிடித்து இ-சலான் அனுப்புகிறது, வசதி இருக்கிறது. ஆனால் ஒருவர் எங்கெங்கே போனார் என்பதை அரசு வருடக்கணக்கில் சேர்த்து வைப்பது எனக்கும் உவப்பில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு, யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று தெளிவாகச் சட்டம் எழுதாமல் இதில் இறங்கக் கூடாது.

வேரில் இருப்பது விகித வித்தியாசம். 2018இல் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் குழு ஒன்று நாடு முழுவதும் 10 லட்சத்துக்குள் 8, 20 லட்சத்துக்குள் 10, அதற்கு மேல் 12 சதவீதம் என்று ஒரே மாதிரி வைக்கப் பரிந்துரைத்தது. மாநிலங்கள் பொதுவாக ஏற்கவில்லை, ஜி.எஸ்.டி.க்குப் பிறகு தங்கள் கையில் மிச்சமிருக்கும் சில வரிகளில் இது ஒன்று என்ற அவர்கள் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த விகிதங்கள்தான் 2021இல் வந்த பி.எச். (பாரத்) நம்பர் வரிசைக்குப் போயின. அதில் இரண்டிரண்டு வருடமாக வரி கட்டலாம், மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. ஆனால் அரசு ஊழியர், ராணுவத்தினர், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர் போன்றோருக்கு மட்டும்தான்.

அப்புறம், நேர்மையாக மாற விரும்புகிறவரின் பாடு. எனக்கு மறக்க முடியாதது ஒரு இளம் தம்பதி. மனைவி செவிலியர். கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது என்று பழைய பி.ஒய். நம்பர் கார் ஒன்றை வாங்கிவிட்டுப் பெயர் மாற்ற வந்தார்கள். பாண்டியிலிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி கட்ட வேண்டும் என்றதும் இருவர் முகமும் வாடிவிட்டது. விற்றவர் போனை எடுக்கவில்லை. ஆர்.சி.யில் இருந்த முகவரிக்குக் கணவர் போய்ப் பார்த்திருக்கிறார். ஓட்டு வீடு, திண்ணையில் ஒரு பாட்டி. "மாசத்துக்கு ரெண்டு பேரு இப்படித்தான் வர்றாங்க தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாராம். ஏய்த்தவர் எங்கேயோ நிம்மதியாக இருக்க, சுமை வந்து விழுந்தது இவர்கள் தலையில். ஏழு மாதம் அலைந்தார்கள்.

அதனால் உங்களுக்கும், வெளிமாநில வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரி, காப்பீடு, கடன் எல்லாம் தெரியும். ஆர்.சி.யில் இருக்கும் பெயர்க்காரர் உங்கள் எதிரில் உட்கார்ந்து படிவம் 28இல் கையெழுத்துப் போட்டு என்.ஓ.சி. வாங்கித் தந்த பிறகே முழுத் தொகையைக் கொடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் கடிதமும் தேவை. இங்கே வரி கட்டிப் புது நம்பர் வந்ததும், பழைய மாநிலத்தில் மிச்ச ஆண்டுகளுக்கான வரியைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். பலர் அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள், அது உங்கள் பணம், விடாதீர்கள். அந்த மனுவுக்கு முதலில் கட்டிய ஆயுள் வரி ரசீதைக் கேட்பார்கள். வண்டி வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து பார்க்கிங் கார் பற்றி உங்களிடம் உறுதியான விவரம் இருந்தால், நம்பரையும், எந்தத் தேதியிலிருந்து அங்கே நிற்கிறது என்பதையும் எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் அடுக்ககச் சங்கம் வாகன அனுமதி கொடுக்கும் பதிவேடு வைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் நகலையும் சேருங்கள். தேதி போட்ட அந்த ஒரு தாள் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால், அந்தக் கோப்பை நான் மூடியிருக்க மாட்டேன்.